பொன்னம்பலத்தார் பாலைவனத்தில் உளவு பார்த்த மெய் வரலாறு

வளைகுடாப் போரை வென்றது யார் என்பதை உலகம் முப்பத்துநாலு வருடமாகப் பிழையாகவே விளங்கி வைத்திருக்கிறது. விமானம் என்கிறார்கள், தாங்கி என்கிறார்கள், எண்ணெய் என்கிறார்கள். படித்தவர்கள் சொல்வதால் எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் போரை வென்றவர் கனடாவில், ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில், பன்னிரண்டாம் மாடியில், முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு இருக்கிறார். பெயர் பொன்னம்பலம். இந்த உண்மை சென்ற வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், வடை முடிந்து தேத்தண்ணி வர முன்னம், எங்கள் மூத்தோர் ஒன்றியத்தின் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

நானும் கை உயர்த்தினேன். லேசில் கை உயர்த்துகிற ஆள் இல்லை நான். பஸ்ஸை மறிக்கக்கூடக் கை காட்டுவதில்லை. நிற்கிறவன் நிற்பான்.

ஒன்றியத்துக்கு இந்த உண்மை ஏன் அவசரமாகத் தேவைப்பட்டது என்றால், பக்கத்து நகரமான மார்க்கத்தின் சங்கத்துக்கு ஒரு விஞ்ஞானி அகப்பட்டுவிட்டார். வானத்தில் சுற்றுகிற செய்மதி ஒன்றில் ஒரு ஆணி அவருடைய கணக்குப்படிதான் இறுக்கப்பட்டதாம். அவரைப் படம் பிடித்து, 'வாழும் மரபுரிமை' என்ற காப்பகத்தில் போட்டு, விழாவும் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு வீடு பெரிது, கார் பெரிது, இப்போது ஆளும் பெரிது. எங்கள் தலைவர் கிளிபோட் இந்தச் செய்தி கேட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அவரே கூட்டத்தில் தெரிவித்தார். ஆகவே 'பெருமகன் தேடல் உபகுழு' அமைக்கப்பட்டது. குழுவில் இருபத்தாறு பேர். ஒன்றியத்திலும் இருபத்தாறு பேர்தான்.

"எங்களிட்டை ஒருத்தருமே இல்லையோ?" என்று கிளிபோட் கண் கலங்கினார்.

"நான் எழுபத்தெட்டில மாவட்டக் கரப்பந்தாட்ட ரீமில இருந்தனான்" என்று ஒருவர் எழும்பினார்.

"விளையாடினனீரோ?"

"றிசேவ்."

"இரும்."

இன்னொருவர், ஒட்டாவாவில் ஒரு மந்திரியோடு லிப்டில் போனதாகச் சொன்னார்.

"மந்திரி கதைச்சவரோ?"

"எத்தனையாம் மாடி எண்டு கேட்டவர்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவற்ற மாடி மட்டும் கூடப்போயிட்டுத் திரும்பி வந்தனான்."

அந்த நேரத்தில்தான் பொன்னம்பலத்தார் இருமினார். சளி இருமல் இல்லை. மூன்று தரம், ஒரே அளவாக.

"நான் சொல்லக்கூடாது" என்றார்.

"என்னத்தை?"

"அதைத்தான் சொல்லக்கூடாது."

மண்டபம் அடங்கிப்போனது. தேத்தண்ணிக் கேத்தில் மட்டும் மரியாதை இல்லாமல் கொதித்தது.

"சவூதியில, எல்லைப் பக்கம். தொண்ணூற்றொண்டில. போர் நேரம்" என்றார் பொன்னம்பலத்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் அங்க உண்மையில என்ன வேலை பாத்தனான் எண்டு இவ தவமணிக்கே தெரியாது."

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி தவமணி, "ஸ்ரோரில நிண்டனான் எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்றா.

"பாத்தீங்களே?" என்றார் அவர். "அவவுக்கே தெரியாது."

கிளிபோட் கதிரையை விட்டு எழும்பினார். "உளவோ?"

பொன்னம்பலத்தார் கண்ணை மூடினார்.

"கண்ணை மூடினதை ஓம் எண்டு எடுக்கலாமோ?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. எடுக்கலாம் என்று சபை தீர்மானித்தது.

நான் கேட்டேன்: "ஆதாரம் என்ன இருக்கு?"

கிளிபோட் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வல்லிபுரம் அண்ணை, ஆதாரம் இருந்தா அவர் என்ன உளவாளி? ஒரு துண்டு ஆதாரமும் இல்லாதபடியால்தான் நான் நூற்றுக்கு நூறு நம்புறன்."

இப்படியான தெளிவுக்கு எதிராக எட்டாம் வகுப்புப் படித்த நான் என்ன கதைப்பது? வழிமொழியப்பட்டது. வடைத் தட்டும் கழுவப்பட்டது.

ஆனால் அதுவரை ஒரு விசயம் சபைக்குத் தெரியாது. அந்தப் பாலைவனத் தொழிலாளர் காம்பில் நானும் இருந்தேன். பதினாலாம் இலக்க அறை. நாலு கட்டில், மூன்று பேர். நான் தண்ணி பவுசர் லொறி ஓட்டினேன். அக்கரைப்பற்று ஹபீபுல்லாஹ் குசினியில் சமைத்தார். போரின் தலைவிதியை நிர்ணயித்த பொன்னம்பலத்தார் ஸ்ரோரில் சவர்க்காரம் எண்ணினார். அவர் எண்ணியபடியால்தான் நேச நாட்டுப் படைகள் குளித்துவிட்டுப் போருக்குப் போயின. அந்த வகையில் அவருடைய பங்கை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

பிறகு ஏன் கை உயர்த்தினாய் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஒரு படிவம்.

காப்பகத்துக்கு ஆளைச் சேர்ப்பதென்றால், களத்தில் கூட இருந்த இரண்டு பேர் விழாவுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். ஒராள் நான். மற்ற ஆள் ஹபீபுல்லாஹ். அவர் இப்போது பிறம்ரனில், மகன்மார் ட்ரக் ஓட, மகளோடு இருக்கிறார். அவரும் நானும் கதைத்து முப்பத்துநாலு வருடம். ஒரு தரம் மரக்கறிக் கடையில் முகத்துக்கு முகம் கண்டோம். அவர் கையில் எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் தொட்ட பெட்டியில் இருந்த முருங்கைக்காய் வேண்டாமாம்.

காரணம் இதுதான். போர் நடந்த அந்த மாசி மாதம் தவமணி ஊரிலிருந்து பொன்னம்பலத்தாருக்கு ஒரு பார்சல் அனுப்பினா. உள்ளே ஒரு கிலோ நெத்தலிக் கருவாடு. அறையில் சமைக்கக்கூடாது என்பது காம்ப் சட்டம். சட்டம் போட்டவனுக்கு நெத்தலி தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்பை மூட்டி நான்தான் பொரித்தேன். பொன்னம்பலத்தார் கட்டிலில் இருந்தபடி தின்றார். ஹபீபுல்லாஹ் உப்புப் பார்க்க வந்து அகப்பையோடு நின்றார்.

பக்கத்து முகாமில் வெளிநாட்டு ஆமி. எதிரி நச்சுவாயு அடிப்பான் என்று இரவு பகலாகப் பயந்து இருந்தவர்கள். காற்று அந்தப் பக்கம் வீசியது. காவலுக்கு நின்ற ஒரு பெடியன் ஒரு மூச்சு இழுத்தான். அடுத்த நிமிசம் சைரன். ஆயிரத்தைந்நூறு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு பதுங்கு குழிக்குள் பாய்ந்தார்கள். ஒரு ஹெலிகொப்ரர் எழும்பியது. நாங்களும் முகமூடியோடு மூன்று மணித்தியாலம் குந்தி இருந்தோம். பொன்னம்பலத்தார் முகமூடிக்குள்ளும் சப்பிக்கொண்டு இருந்தார். கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்து படிந்து விலகியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காம்ப் பொஸ் எங்களை வரிசையில் நிற்பாட்டி விசாரித்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் ஹபீபுல்லாஹ்வை மட்டும் கூப்பிட்டு, பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, பிளேன் ஏற்றினார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தில் ஏழு மாதம்தான் முடிந்திருந்தது. ஊரில் அவர் வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். அதற்கு மேல் பத்து வருடமாகச் சுவர் எழும்பவில்லை, ஆடு கட்டினார்களாம்.

யாரோ பெயர் கொடுத்திருக்கிறான். யார்? பொரித்தவன் தான் தப்புவதற்கு அகப்பையோடு நின்றவனைக் காட்டிக் கொடுத்தான் என்று ஹபீபுல்லாஹ் நினைத்தார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். நான் இல்லை என்று சொல்ல மூன்று கடிதம் எழுதுவித்தேன். மூன்றும் திரும்பி வந்தன.

நான் உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவன். காம்ப் பொஸ்ஸை, பார்சல் கொண்டுவந்தவனை, காற்றைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் கருவாட்டை எல்லோரையும் விடக் கூடத் தின்ற ஒருவர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்த கிழமையே அவருக்கு ஏசி பூட்டிய தனி அறை கிடைத்தபோதும் வரவில்லை. முட்டு வருத்தம், புழுக்கத்தில் மூச்சு இழுக்கிறது என்று சொன்னார், நம்பினேன்.

ஆகவே விழாவில் ஹபீபுல்லாஹ்வுக்குப் பக்கத்துக் கதிரை கிடைக்கும் என்பதற்காக நான் ஒரு பொய்யை வழிமொழிந்தேன். ஒரு நிமிசம் பக்கத்தில் இருந்தால் போதும். "நான் இல்லை" என்பது இரண்டே சொல்.

ஆடி மாதம் காப்பகத்திலிருந்து துர்க்கா என்ற பிள்ளை வந்தா. மார்க்கத்தில் பெரிய ஒவ்வீசில் வேலை. கையில் பலகை மாதிரி ஒரு சாமான்.

"அங்கிள், இதில சைன் பண்ணுங்கோ. ஜஸ்ட் கன்சென்ற் ஃபோர்ம்."

"என்னத்துக்கு?"

"உங்கட வொயிஸை யூஸ் பண்ண."

"என்ர குரலை நான்தானே பாவிக்கிறன்?"

"ஃபோரெவர் இருக்கும் அங்கிள். நீங்க இல்லாட்டிலும்."

நான் இல்லாத இடத்தில் என் குரல் என்ன கதைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கையெழுத்து வைக்கவில்லை. பொன்னம்பலத்தார் நாலு இடத்தில் வைத்தார், ஒன்று தேவையில்லாத இடத்தில்.

பிறகு அவர் சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்: "எதிரியின்ர இரசாயனத் தாக்குதல். சைரன் அடிக்குது. ஆயிரத்தைந்நூறு உயிர். எங்கயிருந்து வருது எண்டு ஒரு ஜெனரலுக்கும் தெரியாது. நான் கண்டுபிடிச்சன்."

"ஓ மை கோட்" என்றா துர்க்கா. "எப்பிடி அங்கிள்?"

"மூக்கால."

"தட்ஸ் ஸோ பவர்ஃபுல்" என்று அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்தா.

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் என்று எனக்குப் படவில்லை. முதல் தரம் நான் அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். இந்த மனிசன் பொய் சொல்லும்போது ஆளைப் பார்ப்பார். சுவரைப் பார்த்தால் உண்மை.

அடுத்ததாக டொக்கியுமென்ற் கேட்டா துர்க்கா. "இரகசியம். எரிச்சாச்சு" என்றார் பொன்னம்பலத்தார். ஆனால் அவர் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்த நேரம் துர்க்கா திரும்ப வந்தபோது, தவமணி சுவரில் கொழுவியிருந்த ஒரு கடுதாசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டா. காம்ப் கொடுத்த நன்றிப் பத்திரம். 'சந்தேகத்துக்கிடமான இரசாயனச் சம்பவத்தின் மூலத்தை இனங்காண உதவியமைக்காக' என்று இங்கிலீசில் இருக்கிறதாம். புருசனுக்கு நல்ல பேர் வரட்டும் என்று கொடுத்தா. அந்த மனிசியில் பிழை இல்லை.

இந்த இடத்தில் எங்கள் சனத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வந்து இறங்கின கிழமையே நாங்கள் எல்லாக் கடுதாசியையும் லமினேற் செய்துவிடுவோம். பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, தடுப்பூசித் துண்டு, சாதகம், போஸ்ற் ஒவ்வீஸ் ரசீது. பிளாஸ்ரிக் போட்டால் ஒருவரும் பறிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. தவமணியும் அப்படித்தான் தொண்ணூற்றுமூன்றில் ஒரு கட்டு கொண்டுபோய் லமினேற் செய்வித்தா. நன்றிப் பத்திரத்தோடு பின்னூசி குத்தி இன்னொரு கடுதாசி இருந்தது. அதையும் முதுகுக்கு முதுகு வைத்து ஒட்டிவிட்டான் கடைக்காரன். பொன்னம்பலத்தார் பிரிக்கப் பார்த்திருப்பார், பிரியாது. எறியவும் மனமில்லை, முன்பக்கம் புகழ் அல்லவா? ஆகவே பின்பக்கத்தை முப்பது வருடமாகச் சுவருக்குக் காட்டி வைத்திருந்தார்.

துர்க்காவோ முறையான பிள்ளை. இரண்டு பக்கமும் ஸ்கான் செய்தா. வாசித்தது முன்பக்கத்தை மட்டும்.

விழா ஆவணி மாதம், சனிக்கிழமை பதினொரு மணிக்கு. மேடையில் அட்டையில் வெட்டிய ஒட்டகம் ஒன்று. பாலைவனத்துக்கென்று ஒரு மூட்டை மணல் கொட்டப்பட்டு, மண்டபக்காரன் திட்டி, திரும்ப அள்ளப்பட்டது. பொன்னம்பலத்தார் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார். அடையாளம் தெரியக்கூடாதாம். அவருடைய படம் போட்ட பதாகைக்குக் கீழேதான் இருந்தார்.

ஹபீபுல்லாஹ் மகள் நுஸ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் இருவருக்கும் மூன்றாம் வரிசையில் பக்கத்துக் கதிரை. என்னைக் கண்டதும் நடுவில் மகளை இருத்தினார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இரண்டு சொல்லையும் மகளுக்கா சொல்வது?

"வந்தது பொன்னம்பலத்துக்காக" என்று அவர் மகளிடம், எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார். "அந்த மனிசன்தான் என்னைப் பிளேன் ஏத்தக்குள்ள அழுதது."

கிளிபோட் ஒலிவாங்கியைத் தட்டி, 'பாலைவனப் புலனாய்வுப் பெருந்தகை' பட்டத்துக்கான வாழ்த்து மடலை வாசித்தார். "எதிரியின் கூடாரத்துக்குள் அஞ்சாது நுழைந்து, எதிரியோடு உண்டு, எதிரியோடு உறங்கி, எவருமறியாது எதிரியைக் காட்டிக் கொடுத்து..."

சனம் கை தட்டியது. திரையில் நன்றிப் பத்திரம் விழுந்தது. மறுபடியும் கைதட்டு. துர்க்கா பொத்தானை அமத்தினா. பின்பக்கம் விழுந்தது. முழுக்க இங்கிலீசு, சின்ன எழுத்து.

"ரெண்டு பக்கம்!" என்று கத்தினார் கிளிபோட். "மார்க்கம் விஞ்ஞானிக்கு ஒரு பக்கம்தான்!"

சனம் எழும்பி நின்று தட்டியது. பொன்னம்பலத்தார் மட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என்ன புள்ள எழுதிரிக்கி?" என்று கேட்டார் ஹபீபுல்லாஹ்.

நுஸ்ரா கண்ணைச் சுருக்கி வாசித்து, மெதுவாகத் தமிழில் சொன்னா. "வாப்பா, இது ஒரு றிப்போட். நாத்தத்துக்குக் காரணம் பொரிச்ச கருவாடு. பதினாலாம் அறை. பொறுப்பாளி..." நிறுத்தினா. "உங்கட பேர் வாப்பா."

"ம்."

"தகவல் தந்தவர், அதே அறையைச் சேர்ந்த மிஸ்டர் பொன்னம்பலம். சமையல்காரனைத் திருப்பி அனுப்பவும். தகவல் தந்தவருக்குத் தனி அறை, ஏசியோட, குடுக்கவும்."

ஹபீபுல்லாஹ் கையிலிருந்த வடைத் தட்டை மடியில் வைத்தார். பிறகு மகளைத் தள்ளிக் குனிந்து, முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ இல்ல?"

"பொரிச்சது நான். பேர் குடுத்தது நான் இல்லை."

"பொரிச்சதும் ஒரு பொரிப்பா? கருக்கிப் போட்டாய்டா வல்லி. கருக்காம இருந்திருந்தா ஆமிக்கு மணந்திரிக்காது."

"நீ அகப்பையை வைச்சுக்கொண்டு பிரசங்கம் பண்ணினாய். நான் எங்க பிரட்டிறது?"

"அடுப்பக் குறைக்கச் செல்லி நான் செல்லல்லியா?"

"சொல்லேல்லை."

"செல்லின."

நுஸ்ரா எழும்பி, எனக்கு அந்தக் கதிரையைக் காட்டினா. நான் மாறி இருந்தேன். அவர் தன்னுடைய தட்டிலிருந்த இரண்டு வடையில் ஒன்றை எடுத்து என்னுடைய தட்டில் வைத்தார். பெரியதைத் தான் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் கிளிபோட் கூப்பிட்டார்: "இப்போது, களத்தில் கூட நின்ற முதலாவது சாட்சி, திரு வல்லிபுரம் அவர்கள்!"

மேடையில் ஏறினேன். பொன்னம்பலத்தார் எழும்பி என் காதுக்குள், "டேய், எல்லாம் பழைய கதையடா. முட்டு வருத்தம்..." என்றார். பொன்னாடையை அவருக்குப் போர்த்தி, நன்றாக இறுக்கி விட்டேன். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"சபையோருக்கு வணக்கம். நான் ஒருத்தரையும் லேசில நம்பிற ஆள் இல்லை. ஆனா இண்டைக்குத் தலைவர் வாசிச்சதில ஒரு சொல்லும் பிழை இல்லை. நான் சாட்சி. பொன்னம்பலத்தார் உளவாளிதான். எதிரியோட இருந்து சாப்பிட்டவர், ஓம். எதிரியோட ஒரே அறையில படுத்தவர், ஓம். ஆருக்கும் தெரியாம எதிரியைக் காட்டிக் குடுத்தவர், ஓம்."

கைதட்டில் அட்டை ஒட்டகம் ஆடியது. அடங்கும் வரை நின்றேன்.

"அந்த எதிரியள் ரெண்டு பேரும் இண்டைக்கு விழாவுக்கு வந்திருக்கினம். ஒராள் நான். மற்றாள் அந்தா, மூண்டாம் வரிசையில இருந்து வடை தின்னுறார்."